பக்கத்து அறை இருமல்

தாம்பரத்தில் டி.பி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரி முத்து, அதற்கு முன்னால் இங்கிலாந்தில் ஒரு சானடோரியம் நடத்தியவர். சாமர்செட் மாவட்டத்தில் வெல்ஸ் என்ற ஊருக்கு மேலே, மெண்டிப் மலையில் அது இருந்தது. 1917-ல் உடம்பு கெட்டு அங்கே போய்ப் படுத்தவர்களில் ஒருவர் கணித மேதை ராமானுஜன். நோயாளியும் தமிழர், வைத்தியரும் தமிழர். சுற்றிலும் ஆட்டு மந்தையும் மூடுபனியும். பிற்பாடு ஊர் திரும்பிய முத்து, 1928-ல் தாம்பரத்தில் 12 படுக்கைகளோடு ஆரம்பித்ததை 1937-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. எங்கள் ரயில் நிலையத்துக்குச் சானடோரியம் என்று பெயர் வந்தது அப்படித்தான்.

இதையெல்லாம் ஒரு கட்டுரைக்காகச் சேர்த்து வைத்திருந்தேன். பிரிஸ்டலில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகும்போது வெல்ஸில் ஓர் இரவு தங்கி, மலைமேல் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ‘மெண்டிப்பிலிருந்து தாம்பரம் வரை’ என்று எழுதுவதாகத் திட்டம். தலைப்பு தயாராக இருந்தது, முதல் பத்திகூடத் தயார். அந்தக் கட்டுரையை நான் எழுதவில்லை. அதற்குப் பதில் எழுதுவது இது.

வெல்ஸுக்கு இப்போது ரயில் கிடையாது. 1960-களில் இங்கிலாந்தில் சின்னச் சின்னக் கிளைப் பாதைகளை வரிசையாக மூடியபோது அதுவும் போயிற்று. பிரிஸ்டலிலிருந்து பஸ்தான். ஏறக்குறைய 12,000 பேர் இருக்கும் ஊர். ஆனால் பேராலயம் இருக்கிறது, பழங்காலத்திலிருந்தே ‘சிட்டி’ என்ற அந்தஸ்தும் இருக்கிறது. சிட்லபாக்கத்துக்காரனான எனக்கு அந்த ‘சிட்டி’யைச் சுற்றிவர ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது.

மகள் எங்களுக்கு ஏற்பாடு செய்திருந்த ஓட்டல், குதிரைவண்டிக் காலத்துச் சத்திரம். வண்டிகள் உள்ளே நுழைய உயரமான வளைவு வாசல், பின்னால் முற்றம். லாயம் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. லிஃப்ட் இல்லை. இந்த மாதிரிக் கட்டடங்களை அங்கே அரசாங்கப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அனுமதி வாங்காமல் சொந்தக்காரர் ஒரு ஜன்னலைக்கூட மாற்ற முடியாது. அதனால் கண்ணாடிச் சட்டங்கள் பழையவை, காற்று அடித்தால் நடுங்குகின்றன. நிலைப்படிகள் குள்ளம். என்னைப் போன்ற ஐந்தரை அடிக்காரனே குனிய வேண்டியிருந்தது. குனிய மறந்தவர்களுக்காக உத்தரத்தில் ஒரு தோல் திண்டு வைத்து ஆணி அடித்திருந்தார்கள்.

எங்கள் அறையின் தரை ஒரு பக்கம் சரிந்திருந்தது. கட்டிலின் இரண்டு கால்களுக்குக் கீழே மரக்கட்டை கொடுத்து மட்டம் பார்த்திருந்தார்கள். மேசையில் வைத்த பேனா தானாக உருண்டு ஜன்னல் பக்கம் போயிற்று. “நம்ம வீட்ல தரை இப்படி இருந்தா மேஸ்திரியைச் சும்மா விட்டிருப்பீங்களா?” என்றாள் மனைவி. சாவி கொடுத்த அம்மாள் இதற்குக் காரணம் சொன்னார். அந்தக் காலத்தில் ஓக் மரத்தை வெட்டிய ஈரத்தோடேயே இழைத்துச் சட்டம் பூட்டிவிடுவார்களாம். காய்ந்தால் அந்த மரம் இரும்பாகிவிடும், உளி இறங்காது. பச்சையாகப் பூட்டியது பத்து இருபது வருஷங்களில் காயும்போது முறுக்கிக்கொள்ளும், அதோடு சேர்ந்து வீடும் கோணும். கோணியபின் நின்றுவிடும். பிறகு நூற்றாண்டுக் கணக்கில் அசையாது. இதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் ஏனோ பெருமையாக இருந்தது.

குளியலறையில் வெந்நீருக்கு ஒரு குழாய், தண்ணீருக்கு ஒரு குழாய். கை கழுவ வேண்டுமானால் பொசுங்கலாம், அல்லது விறைக்கலாம். சண்முகம் சாலையில் வாங்கிய பிளாஸ்டிக் மக் ஒன்றை என் மனைவி பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். இரண்டையும் அதில் கலந்துகொண்டோம். அந்த ஓட்டலில் எங்கள் பங்குக்கு நாங்கள் செய்த நவீன வசதி அது.

சாயங்காலம் பேராலயம் பார்த்தோம். மேற்கு முகப்பில் இடைக்காலத்துச் சிலைகள் 300 போல மிஞ்சியிருக்கின்றன. உள்ளே நுழைந்தால் கத்தரிக்கோலை விரித்து ஒன்றின் தலையில் ஒன்றைக் கவிழ்த்தது போன்ற பெரிய வளைவுகள். அழகுக்காகக் கட்டியவை அல்ல. மேலே ஏற்றிய கோபுரத்தின் பாரம் தாங்காமல் அஸ்திவாரம் இறங்கியபோது, 1338 முதல் 1348 வரை பத்து வருஷம் பாடுபட்டுக் கொடுத்த முட்டு. வடக்குப் பக்கம் 1390 வாக்கில் செய்த கடிகாரம். கால் மணிக்கு ஒரு முறை அதன் மேல் குதிரைவீரர்கள் சுற்றி வந்து மோதுகிறார்கள். ஒரே வீரன்தான் ஒவ்வொரு முறையும் அடிபட்டுச் சாய்கிறான். சந்தைச் சதுக்கத்தில் ‘கிரவுன்’ என்ற பழைய சத்திரம் இருக்கிறது. பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் 1695-ல் அதன் மாடி ஜன்னலில் நின்று கூட்டத்தைப் பார்த்துப் பிரசங்கம் செய்தாராம். பேசிக்கொண்டிருக்கும்போதே பிடித்துப்போக ஆள் வந்துவிட்டது. இப்படி ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு கதை வைத்திருக்கும் ஊர்.

எல்லாம் பார்த்து, சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டு, நல்ல மனநிலையில் படுத்தோம். நடு இரவில் பக்கத்து அறையில் யாரோ இருமினார்கள்.

அந்தப் பழைய வீடுகளில் வெளிச்சட்டம்தான் ஓக். இடையில் இருக்கும் சுவர், குச்சிகளைத் தட்டியாகப் பின்னி மண்ணும் சாணமும் வைக்கோலும் குழைத்து அப்பியது. அதன்மேல் எத்தனை பூச்சு பூசினாலும் சத்தம் நிற்காது. போதாததற்கு எங்கள் அறைக்கும் அந்த அறைக்கும் நடுவில் பயன்படுத்தாத கதவு ஒன்று, அடியில் இரண்டு விரல் இடைவெளியோடு. இருமல் அறைக்குள்ளேயே கேட்டது. சளி இருமல். அடியிலிருந்து வருவது, முடிவில் ஒரு சின்ன இழுப்போடு.

சானடோரியத்துக்காரர்களுக்கு இருமல் தெரியும். எந்த இருமல் தொண்டையிலிருந்து வருகிறது, எது நெஞ்சிலிருந்து வருகிறது என்று ரயிலில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய பையன்கள் எங்கள் தெருவில் இருந்தோம். நான் எழுந்தேன். விளக்குப் போடவில்லை. குளியலறையிலிருந்து பெரிய துண்டை எடுத்துவந்து, சுருட்டி, மண்டியிட்டு, அந்தக் கதவின் அடியில் இண்டு இடுக்கு இல்லாமல் செருகினேன். பிறகு எதிர்ப்பக்க ஜன்னலைக் கொஞ்சம் தூக்கிவிட்டேன். அக்டோபர் குளிர் உள்ளே வந்தது.

“என்ன பண்றீங்க?”

“குளிர் வருது, கதவடியில.”

“ஜன்னலைத் திறந்து வச்சிட்டா?”

நான் பதில் சொல்லவில்லை. அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். ராமானுஜன் எப்படி இங்கே குளிரில் கஷ்டப்பட்டார் என்று எழுத வந்தவன் நான். அந்த மலையில் வைத்தியமே திறந்த காற்றுதான். பகலும் இரவும் ஜன்னல் மூடாத அறை, ஓய்வு, சாப்பாடு. அவருக்கு அங்கே கிடைத்த சாப்பாட்டைப் பற்றியும் உருக்கமாக நான்கு வரி யோசித்து வைத்திருந்தேன். அவருக்கு வந்தது டி.பி.யே அல்ல, கல்லீரலில் அமீபா தொற்றாக இருந்திருக்கலாம் என்று 1990-களில் ஒரு மருத்துவர் வாதாடியிருக்கிறார். அதையும் சேர்க்க வேண்டும் என்று குறித்திருந்தேன். நூறு வருஷத்துக்கு முந்தைய நோயாளிமேல் எனக்கு அவ்வளவு பரிவு. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்குத் துண்டு.

தூக்கம் வரவில்லை. சித்தப்பா ஞாபகம் வந்தது என்று எழுதினால் பொய். அவர் ஞாபகத்தை வர விடாமல் படுத்திருந்தேன் என்பதே சரி.

1974-ல் சித்தப்பா எங்கள் சிட்லபாக்கம் வீட்டுப் பின்னறையில் இருந்தார். அப்பாவின் கடைசித் தம்பி. ராயப்பேட்டையில் ஒரு அச்சகத்தில் கம்போசிட்டர். தினமும் காலையில் மீட்டர்கேஜ் மின்சார ரயிலில் போய், ராத்திரி விரல் நுனியெல்லாம் மையோடு திரும்புவார். எனக்குத் தலைகீழாக எழுத்துப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர். சாயங்காலம் காய்ச்சல், இளைப்பு, பிறகு ஒரு நாள் கைக்குட்டையில் ரத்தம். எக்ஸ்ரே எடுத்தார்கள். டி.பி. என்றார்கள். வீட்டுக்கு எதிரே இருப்பது போல அந்த ஆஸ்பத்திரி இருந்ததை அம்மா அதிர்ஷ்டம் என்றாள். தண்டவாளத்தைக் கடந்து ஜி.எஸ்.டி. சாலைக்குப் போனால் வாசல்.

எனக்கு அது அதிர்ஷ்டமாகப் படவில்லை. சின்ன வயதிலிருந்தே ரயில் சானடோரியம் ஸ்டேஷனில் நின்று கிளம்பும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்பவன் நான். என் நிறுத்தமே அதுதான் என்பதால் குரோம்பேட்டையில் இறங்கி நடந்து வருவதும் உண்டு. கல்லூரியில் யாராவது வீடு எங்கே என்றால் “கிழக்குத் தாம்பரம்” என்பேன்.

தினமும் சாயங்காலம் தூக்குவாளியில் ரசம் சாதமும் முட்டையும் சித்தப்பாவுக்கு எடுத்துப் போவது என் வேலை ஆயிற்று. முதல் நாள் உள்ளே போனேன். வேப்பமரங்கள், நீள வார்டு, வராந்தாவிலும் கட்டில்கள். சித்தப்பா எழுந்து உட்கார்ந்து சிரித்தார். கட்டிலுக்கடியில் மூடி போட்ட கிண்ணம் ஒன்று இருந்தது. அடுத்த கட்டில்காரர் இருமி, அதே மாதிரிக் கிண்ணத்தை எடுத்துத் துப்பி, மூடி வைத்தார். நான் தூக்கை வைத்துவிட்டு, “நாளைக்குப் பரீட்சை” என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். பரீட்சை எதுவும் இல்லை.

மறுநாளிலிருந்து வாசலோடு சரி. வார்டில் வேலை செய்யும் ஆயா ஒருத்தி அந்த நேரத்துக்கு டீக்கடைக்கு வருவாள். அவளிடம் தூக்கையும் கொஞ்சம் சில்லறையையும் கொடுத்தால் உள்ளே கொண்டுபோய்க் கொடுத்து, காலித் தூக்கைக் கழுவிக் கொண்டுவந்து தருவாள். அதுவரை சாலை ஓரத்து மதகில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே போய்ப் பேசிவிட்டு வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பேன்.

வீட்டில் அம்மா காத்திருப்பாள். “சித்தப்பா என்னடா சொன்னாரு?”

சொல்வேன். ரசத்தில் உப்பு கம்மி என்றார், ராத்திரி நல்லாத் தூங்கினார், பக்கத்துக் கட்டில் நாயக்கர் வீட்டுக்குப் போய்விட்டார், ஊசி போட்ட இடம் வலிக்கிறது. நாயக்கர் என்று ஒருவர் அங்கே இருந்தாரா என்பதே எனக்குத் தெரியாது. பொய் சொல்வதில் ஒரு லயிப்பு வந்துவிட்டது. மாதக் கணக்கில் அந்த வார்டுக்கு ஆட்களை அனுமதித்தேன், குணப்படுத்தி அனுப்பினேன். பிற்காலத்தில் பத்திரிகைகளுக்குக் கதை எழுதினேனே, அந்தப் பழக்கம் ஆரம்பித்த இடம் அந்த மதகுதான். பேட்டிகளில் இதைச் சொன்னதில்லை.

தெரியாத வயது, அந்தக் காலத்துப் பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். அதுவும் நிற்காது. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒரு பரிசோதனை செய்தது. நெரிசலான ஏழை வீடுகளில் அரைகுறைச் சாப்பாட்டோடு இருந்த நோயாளிகளில் பாதிப் பேருக்கு வீட்டிலேயே மருந்து, பாதிப் பேருக்கு சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் அதே மருந்தும். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. முடிவு 1959-ல் வெளியானது. வீட்டிலேயே இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் ஒட்டவில்லை என்பதும் அடுத்தடுத்து வந்தது. ஆபத்து பெரும்பாலும் மருந்து ஆரம்பிப்பதற்கு முன்னால் இருந்த நாட்களில்தான். உலகம் முழுக்க மலைமேல் கட்டிவைத்த சானடோரியங்கள் மெல்ல மெல்லக் காலியாவதற்கு நம் சென்னை ஆய்வு ஒரு பெரிய காரணம். அதாவது, சித்தப்பா பின்னறையில் எங்களோடு சாப்பிட்டுப் படுத்துப் பேசிக்கொண்டிருந்த மாதங்களில்தான் எனக்கு ஆபத்து. ஸ்ட்ரெப்டோமைசின் ஏறிக்கொண்டிருந்த மனிதரைத்தான் நான் மதகில் உட்கார்ந்து தவிர்த்தேன். நான் படித்தது விலங்கியல். எங்கள் வகுப்பிலேயே ஓர் ஆசிரியர் இந்த ஆய்வைப் பற்றிச் சொன்னார். குறிப்பெடுத்துக்கொண்டேன். பரீட்சையிலும் எழுதினேன்.

சித்தப்பா பிழைத்தார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. சதை போட்டு, நிறம் வந்து திரும்பினார். முதல் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா எல்லோருக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர் வைத்தாள். அடுத்த நாள் நான் என் டம்ளரின் அடியில் ஆணியால் ஒரு புள்ளி குத்தினேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அம்மாவிடம் அவர் சொன்னது காதில் விழுந்தது. “தம்பி இல்லேன்னா நான் தேறியிருக்க மாட்டேன் அண்ணி. தினம் வந்து பக்கத்துல உக்காந்து பேசிட்டுத்தான் போவான். நாயக்கர்கூட அவனைக் கேட்டுக்கிட்டே இருப்பாரு.”

நாயக்கர் என்ற பெயர் அவருக்கு எப்படித் தெரிந்தது? அம்மா ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு போய்ப் பார்த்தபோது, “நாயக்கர் வீட்டுக்குப் போயிட்டாராமே” என்று கேட்டிருக்க வேண்டும். அந்த ஒரு கேள்வியில் அவருக்கு முழுக்கதையும் புரிந்திருக்கும். ஈய எழுத்தைத் தலைகீழாகப் படிக்கிறவர். என்னைக் காட்டிக்கொடுக்காமல் என் பொய்யையே எடுத்துப் பூர்த்தி செய்துவிட்டார். அதற்குப் பிறகு பல்லாவரத்தில் வீடு பார்த்துக்கொண்டு போனார், கல்யாணம் செய்துகொண்டார், ஒரு பெண் பிறந்தாள், எழுபது தாண்டி மாரடைப்பில் போனார். அத்தனை வருஷத்தில் எங்களுக்குள் அந்தப் பேச்சு வரவில்லை. வருவதற்கான இடங்களில் நான் எழுந்து போய்விடுவேன்.

திருந்தினேனா என்றால் அதுவும் இல்லை. 1990-களில் அதே ஆஸ்பத்திரி, வேறெங்கும் சேர்க்காத எய்ட்ஸ் நோயாளிகளைச் சேர்க்க ஆரம்பித்தது. ஆந்திராவிலிருந்தெல்லாம் வந்தார்கள். ஸ்டேஷன் படியில் யாராவது வழி கேட்டால் கையை நீட்டிக் காட்டிவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொள்வேன். 2005-ல் பக்கத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் வந்தது எனக்கு நிம்மதியாகப் போயிற்று. வீட்டுக்கு வழி சொல்லும்போது “சித்தா ஆஸ்பத்திரி ஸ்டாப்” என்று சொல்லிவிடலாம்.

வெல்ஸில் காலைச் சாப்பாட்டு அறை, தாழ்ந்த உத்தரங்களோடு முன்பு சமையல்கட்டாக இருந்தது. தொத்திறைச்சி, பொரித்த முட்டை, தக்காளிக் குழம்பில் ஊறிய பீன்ஸ், வதக்கிய காளான். இரண்டு பேருக்கு ஒரு மேசை என்று வைக்க இடமில்லாத அறை, அதனால் நீள மேசை. எங்களுக்கு எதிரே எண்பது வயதிருக்கும் ஒருவர் தனியாக வந்து உட்கார்ந்தார். கோட்டு, டை. ஒரு முறை இருமினார். அதே இழுப்பு. கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, நேற்று ராத்திரி என் இருமல் உங்களைத் தூங்கவிட்டிருக்காது, மன்னிக்க வேண்டும், மூச்சுக்குழாயில் பழைய கோளாறு, மனைவி இருந்தவரை வருஷா வருஷம் இந்த அறைக்குத்தான் வருவோம் என்றார்.

“எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை” என்றேன். ஆங்கிலத்தில் அந்தப் பொய் இன்னும் மரியாதையாக இருந்தது.

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. அவருடைய தட்டுப் பக்கம் எட்டாமல் இருந்த மார்மலேடு ஜாடியை எடுத்து அவருக்கு நகர்த்தி வைத்தாள். கிளம்பும்போது அறையைக் காலி செய்தவளும் அவள்தான். துண்டைக் கதவடியிலிருந்து உருவி, மடித்து, குளியல் தொட்டி விளிம்பில் போட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

டாக்சி வைத்துக்கொண்டு மலைமேல் போனோம். முத்துவின் சானடோரியம் இருந்த ஹில்குரோவ் பக்கம் வண்டியை நிறுத்தச் சொன்னேன். சுண்ணாம்புக் கற்களைச் சுண்ணாம்புச் சாந்து இல்லாமலே அடுக்கிய வேலிச்சுவர்கள், ஆடுகள், கண்ணில் நீர் வரவைக்கும் காற்று. ராமானுஜன் பார்த்த மலை என்று ஒரு படம் எடுத்து, நான்கு வரி எழுதி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். டாக்சி திரும்புவதற்குள் கைகூப்பல்களும் பூங்கொத்துகளும் வந்துவிட்டன. சித்தப்பாவின் பெண் தனியாக எழுதியிருந்தாள்.

“அண்ணா, அப்பா இருந்த வார்டையும் ஊருக்குப் போனதும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. நீதான் தினம் போவியாமே, அப்பா சொல்லிட்டே இருப்பாரு. எந்த வார்டு?”

ஏழாம் வார்டு, வேப்பமரத்துப் பக்கம் என்று பதில் போட்டேன். வேப்பமரம் மட்டும் நிஜம். அவள் இந்தப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிறவள்.